ரேடியோ அத்தை பேசாத ஞாயிறு

பள்ளி வேனில் போகிற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ அத்தை. வைத்ததில் தப்பே இல்லை. காலையில் வேன் கிளம்பும்போது திறக்கிற வாய், கடைசிப் பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் மூடும். சாயங்காலம் மறுபடி திறக்கும். டிரைவர் சீட்டில் அவள் புருஷன், பக்கத்து சீட்டில் இவள், பின்னால் வேன் கொள்ளாத வாண்டுகள். பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் ஒப்படைப்பது இவள் வேலை. பேசுவது அந்த வேலையில் சேர்த்தி இல்லை.

"அடேயப்பா, இந்த சைக்கிள்காரரைப் பாருங்கடா, நம்ம வேனோட ஒட்டிக்கிட்டே வர்றாரு! தொப்பி வேற போட்டிருக்காரு, மாப்பிள்ளை ஊர்வலம் போற மாதிரி. போகட்டும், போகட்டும், பெரிய மனுஷர் முதல்ல போகட்டும். ஐயோ, அந்த முனையில ஒரு அம்மா பையைத் தூக்கிக்கிட்டு ரோட்டைக் கடக்கலாமா வேணாமான்னு யோசிக்குது. கடந்துடும்மா, நாங்க நிக்கிறோம். ஆங், போயாச்சு. இப்ப ஒருத்தரும் இல்லை. காலி ரோடு, ஜாலி ரோடு!"

"காலி ரோடு, ஜாலி ரோடு!" என்று வேனே கத்தும். டிரைவர் மாமா கியரை மாற்றுவார்.

இப்போதே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. டிரைவருக்கு இரண்டு பக்கமும் கண் தெரியாது. நேர் எதிரே இருப்பது பளிச்சென்று தெரியும், எதிரே வருகிற லாரியின் நம்பரைக்கூடப் படிப்பார். ஆனால் பக்கத்தில் ஒரு யானை நடந்துவந்தாலும் அது முகத்துக்கு நேரே வந்து நின்று வணக்கம் சொன்னால்தான் உண்டு. இந்தக் கண்ணோடு அந்த மனுஷன் அத்தனை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு வருஷமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டீர்களா அநியாயத்தை!

ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். ஒரு நாள் பக்கக் கண்ணாடியை மதில் சுவரில் உரசி உடைத்துக்கொண்டு வந்தார். "சந்து குறுகிப்போச்சு" என்றார். சந்து எப்படிக் குறுகும்? அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார், அதுவும் இவள் "சைக்கிள்!" என்று அலறியதால்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவளை ஒரு பிடி பிடித்தார். "எனக்கே நீ சொல்லித் தர்றியா? ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்திருக்கியா நீ?" அவள் மெதுவாக, "கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை..." என்று இழுத்தாள். அவ்வளவுதான், சாப்பாட்டுத் தட்டு ஒரு முழம் தள்ளிப் போனது. "கண்ணாடிதான் போட்டிருக்கேனே, இன்னும் என்ன?"

அதற்கப்புறம் அவள் அவருக்கென்று எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற மாதிரி சொன்னாள். "இடப்பக்கம் சைக்கிள்" என்றால் அவருக்கு ரோஷம் வரும். "அட, சைக்கிள்காரரைப் பாருங்கடா" என்றால் ரோஷம் வராது, பிரேக் வரும். அப்படியே இரண்டு பேருக்கும் பழகிப்போனது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. சைக்கிளுக்கும் நாய்க்கும் நடுவில் சும்மா இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நடுவில் கிடைத்த இடத்தையெல்லாம் பேசி நிரப்பினாள். யார் வீட்டு மாடியில் என்ன துணி காய்கிறது, எந்தக் கடைப் பலகையில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, எந்த மேகத்துக்குக் காது முளைத்திருக்கிறது எல்லாம் ஒலிபரப்பானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பேச்சுக்காரியே இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "எங்க அண்ணன் போயும் போயும் ஒரு ஊமையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்." அதே நாத்தனார் இப்போது, "அண்ணி வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவளுக்குத் தாடை விண்விண்ணென்று வலிக்கும். பாத்திரம் துலக்கும் சத்தம்கூடக் கேட்கப் பிடிக்காமல் குழாயைச் சிறுசாகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

பின்னே ஏன் அத்தனை நாள் பொறுத்தாள் என்று கேட்பீர்கள். பயம்தான். வேனை எடுத்துவிட்டால் அந்த மனுஷனிடம் என்ன மிச்சம் என்கிற பயம். ஆனால் பயம் மட்டுமில்லை. நான் இல்லாவிட்டால் இவரால் தெருமுனையைக்கூடத் தாண்ட முடியாது என்று அவளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். பயம் பாதி, பெருமை பாதி, இரண்டும் சேர்ந்து அவளைக் கட்டிப்போட்டிருந்தன. சில நாள் பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது மட்டும் ஒரு கேள்வி வரும். ஒரு நாள் நான் ஒரு வார்த்தை பிந்திவிட்டால்?

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

வாரம் முழுக்க ஜலதோஷம். வெள்ளி காலை எழுந்து வாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிறது. டிரைவரிடம் போய், இன்றைக்கு லீவு சொல்லிவிடலாம் என்று கையாலேயே காட்டினாள்.

"தொண்டை கட்டினதுக்கெல்லாமா லீவு விடுவாங்க? சுடுதண்ணி குடி, சரியாயிடும்" என்றார்.

சரியாகவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "தோள்ல தட்டு. ஒரு தட்டு தட்டினா நிறுத்துறேன். ரெண்டு தட்டினா போறேன்."

இரண்டு வருஷத்தில் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசினார், சரி, கண் என்கிற வார்த்தை மட்டும் அதில் இல்லை. அவளும் தலையாட்டினாள். ஐயோ, அங்கேயே இறங்கியிருக்கக் கூடாதா? கதை சொல்கிற எனக்கே அந்தத் தலையைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல இருக்கிறது.

காலை எப்படியோ போயிற்று. பிள்ளைகள்தான் சோர்ந்து போனார்கள். "ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று ஒன்று சொல்ல, "இல்லை, கரண்ட் போயிடுச்சு" என்று இன்னொன்று சொன்னது. அவள் ஒன்று தட்டினாள், இரண்டு தட்டினாள், மறுபடி ஒன்று தட்டினாள்.

சாயங்காலம். எல்லாரும் இறங்கிவிட்டார்கள், கடைசி வீடு. சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு குட்டிப்பெண். கையைப் பிடித்து இறக்கி, கேட்டுக்குள் விட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, அவர் தோளில் இரண்டு தட்டினாள். வண்டி உறுமியது. அப்போதுதான் எதிர்ப்பக்க ஜன்னலுக்குக் கீழே, அவர் கதவுக்கு முன்னால், முன்சக்கரத்தை ஒட்டி, சிவப்பாக ஏதோ ஒன்று அசைந்தது. ரிப்பன். டிபன் பையை சீட்டிலேயே விட்டுவிட்டுப் போன ஞாபகம் வந்து பிள்ளை திரும்ப ஓடி வந்திருக்கிறது, டிரைவர் மாமாவிடம் கேட்க.

அவள் கத்தினாள். காற்றுதான் வந்தது. தோளில் அடித்தாள். ஒரு தட்டு தட்ட வேண்டும், ஒன்றே ஒன்று. பதறுகிற கை எண்ணிக்கொண்டா அடிக்கும்? பட பட பட என்று அடித்தாள். அவரோ, "போறேன், போறேன், ஏன் இந்த அவசரம்" என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

அவள் பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி தூக்கிப் போட்டு நின்று அணைந்தது.

குட்டிப்பெண் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றுமே புரியவில்லை. கதவைத் தட்டி, "மாமா, என் டிபன் பை" என்றது.

பையை எடுத்துக் கொடுத்து, மறுபடி கேட்டுக்குள் விட்டு, உள்ளே அதன் அம்மா வந்து பிடித்துக்கொள்ளும்வரை நின்றுவிட்டு வந்தாள். டிரைவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்:

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பிரேக் மேலதான் கால் இருந்தது."

வண்டி உறுமியது அவள் காதில் இன்னும் இருந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி உறுமுமா? அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று கெட்டியாகிப் போனது. குழந்தை பிழைத்தது அவளுக்குத் தெரியும், எப்படிப் பிழைத்தது என்றும் தெரியும். அதைக்கூடப் பொய்யாக்குகிறார் என்றால் திங்கட்கிழமை மறுபடி இதே சீட்டு, இதே தோள்.

சனிக்கிழமை அவர் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். உப்புத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னார். வெந்நீரில் தேன் கலந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஜுரம் வந்து படுத்தபோதுகூட அந்த மனுஷன் அடுப்படிப் பக்கம் வந்ததில்லை. ஒவ்வொரு மணி நேரமும் வந்து, "எங்கே, ஆ சொல்லு பார்ப்போம்" என்பார். காற்று வரும். "திங்கட்கிழமைக்குள்ள சரியாயிடணும்" என்பார். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பழுதான வண்டிக்குக்கூட இந்தக் கவனிப்பு நடந்ததில்லை. ஆனால் டம்ளரை வைக்கும்போது அவர் மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்ததை அவள் பார்த்தாள். பாவம் என்று நெஞ்சு இளகியது. இளகினாலும் அந்தக் கெட்டி கரையவில்லை.

ஞாயிறு காலை பால் பொங்கியது. "ஐயையோ!" என்று ஓடி அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். குரல் வந்துவிட்டிருந்தது, கணீரென்று. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம், அவருக்குக் கேட்டிருக்காது.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அவர் துண்டோடு வந்து, "எங்கே, ஆ சொல்லு" என்றார். அவள் காற்றை மட்டும் விட்டாள். வாழ்க்கையில் அவள் ஆடிய முதல் நாடகம் அது என்று நினைக்கிறேன், நன்றாகவே ஆடினாள். பிறகு காய்கறிப் பையை எடுத்துக் காட்டி, வேன் சாவியையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். மார்க்கெட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கிடையாது, சும்மா ஒரு சவாரி. அவர் முகம் மலர்ந்துவிட்டது, சாவி கைக்கு வந்தால் அந்த முகம் அப்படித்தான்.

தெருவுக்குள் ஒன்றும் சிரமமில்லை. காலி வேன், நத்தை வேகம், அவருக்கு அத்துப்படியான தெரு. அவள் கை மட்டும் ஹேண்ட்பிரேக் மேலேயே இருந்தது. தெரு போய் முடிகிற இடத்தில் பெரிய ரோடு. அங்கே நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். எத்தனை நாள் அந்த முனையில் அவள் "வர்றான் வர்றான், மஞ்சள் பஸ்காரன், அவன் போகட்டும்" என்று பாடியிருப்பாள்.

டிரைவர் நிறுத்தினார். காத்திருந்தார்.

அவள் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ம்?" என்றார்.

பதில் இல்லை. தோளில் தட்டும் இல்லை. அவர் தலையை முழுக்க வலப்பக்கம் திருப்பினார், பிறகு முழுக்க இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். ஒரு பக்கம் பார்த்து முடிப்பதற்குள் மறுபக்கத்தில் என்ன வந்ததென்று தெரியாமல் போய்விடும். சின்ன ஓட்டை வழியாக ஒரு மைதானத்தையே பார்க்கிற மாதிரி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"வருதா?" என்றார்.

சொல்லிவிடேன், ஒரு வார்த்தைதானே, காலி ரோடு ஜாலி ரோடு என்று அவள் நாக்கு தானாகப் புரண்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்னால் ஹாரன் இன்னும் ஓங்கி அடித்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. வண்டியை ஒரு அங்குலம் நகர்த்தினார். அவள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள்.

"என்ன பண்றே? தட்டேன்! தட்டினா போதும்ல? வருதா இல்லையான்னு ஒரு தட்டு தட்டேண்டி!"

பின்னால் நின்ற கார்க்காரன் பொறுமையிழந்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு, போகிற போக்கில் ஜன்னல் வழியாக ஒரு வசவை எறிந்துவிட்டுப் போனான். டிரைவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியலைன்னு நீங்க சொல்லுங்க" என்றாள் அவள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குரல் வந்துடுச்சா உனக்கு?"

"காலையிலேயே வந்துடுச்சு."

"பின்னே ஏன் பேசாம வந்தே?"

"நீங்க பேசணும்னுதான்."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அவள் அசையவில்லை. அவர் கோபத்துக்குப் பயந்து எத்தனையோ தடவை அடங்கிப் போனவள்தான். இன்றைக்கு அந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தாள், காணோம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றை வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டாளே, இனி இது எந்த மூலைக்கு?

"வெள்ளிக்கிழமை அந்தப் புள்ளையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

பெரிய ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவர் எதையும் பார்க்கவில்லை.

"பார்க்கலை" என்றார்.

பிறகு, கேட்காமலேயே சொன்னார்: "பக்கத்துல ஒண்ணுமே இல்லைடி. ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தின மாதிரி இருக்கு. நாளுக்கு நாள் அந்தக் கதவு இன்னும் கிட்டக்க வருது. டாக்டர்கிட்ட போனா வண்டியை எடுக்காதேம்பாரு. எடுக்கலைன்னா நான் யாரு? சொல்லு, நான் யாரு?"

சொல்லிவிட்டு அழுதார். அவளும் அழுதாள். நட்ட நடு முனையில், பட்டப்பகலில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். அவர் தோளில் கையை வைத்தாள், தட்டாமல் சும்மா வைத்தாள்.

அழுது முடித்த பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. வண்டியை யார் திருப்பி எடுத்துப் போவது? ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்கு ஓட்டத் தெரியாது. முனையிலிருந்த பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திப் பூட்டிவிட்டு, இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படிக் கைகோத்து நடந்தது கல்யாணமான புதிதில்கூடக் கிடையாது.

திங்கட்கிழமை விடிந்ததும் வேனை எடுக்காமல் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். "கண்ணுல சின்ன வைத்தியம், கொஞ்ச நாளைக்கு வேற டிரைவரைப் போட்டுக்கோங்கன்னு சொல்லிடலாம், என்ன?" என்று வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெரிய டீச்சரின் அறையில் போய் நின்றதும் அவர், "கண்ணுல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்து, மிச்சத்தை அவள் பேசி நிரப்புவாள் என்று பக்கத்தில் பார்த்தார். அவள் நிரப்பவில்லை. அவர் எல்லாவற்றையும் தானே சொன்னார், மதில் சுவரிலிருந்து சிவப்பு ரிப்பன்வரை.

பெரிய டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அவர் பார்வை அவளிடம் வந்தது. "உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சும் எந்தத் தைரியத்துல இத்தனை பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

"தைரியம் இல்லாமத்தான் டீச்சர் போனோம். இருந்திருந்தா அப்பவே வந்து இப்படி நின்னிருப்போம்."

அன்றைக்கே பிள்ளைகளை வேறு வேன்களுக்கு மாற்றினார்கள். விஷயம் தெரிந்து பெற்றவர்கள் வந்தார்கள். சிவப்பு ரிப்பனின் அம்மா வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். நியாயம்தானே! நானாக இருந்தால் வேனையே கொளுத்தியிருப்பேன். ரேடியோ அத்தை வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகவில்லை.

நாத்தனார் சும்மா இருப்பாளா? அன்று சாயங்காலமே வந்து இறங்கினாள். "ஊர் முழுக்க எங்க அண்ணன் மானத்தை வாங்கிட்டீங்களே அண்ணி! கொஞ்சம் பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

"ரெண்டு வருஷம் வாய் ஓயாம பேசினேன்மா" என்றாள் அவள். "ஆனா சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லலை."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன், "காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

கண் டாக்டர் உள்ளதைச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, போன பார்வை வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம். தினம் சொட்டு மருந்து. அவர் தலையாட்டினார். வேனை விற்கலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நான் ஓட்டுறேன்."

"யாரு?"

"நான்தான். ரெண்டு வருஷம் வாயால ஓட்டியிருக்கேன். மிச்சம் கையும் காலும்தானே?"

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், அது பாதியில் வேறு ஒன்றாக மாறிவிட்டது.

கையும் காலும் லேசில் வசப்படவில்லை. கிளட்ச் அவளை அழவைத்தது. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள், "முனையில நாய், அந்தப் பெரியவர் திரும்பிப் பார்க்காம கடக்கப் போறாரு" என்று அவளே சொல்லிவிடுவாள். சொல்லி முடிப்பதற்குள் வண்டி அணைந்துவிடும். "அம்மா, ரோட்டை நல்லாப் படிக்கிறீங்க, வண்டியைத்தான் கொல்றீங்க" என்றார் அவர். முதல் தேர்வில் தோற்றாள். "பரவாயில்லை, நானும் முதல் தடவை ஒரு மாட்டு வண்டியில இடிச்சேன்" என்று டிரைவர் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அடுத்த தடவை தேறினாள். வேன் ஓட்டுகிற லைசென்ஸ் கைக்கு வர வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது.

பெரிய டீச்சர் ரொம்ப யோசித்துத்தான் சம்மதித்தார். முதல் ஆளாக வந்தவள் சிவப்பு ரிப்பனின் அம்மா. பிள்ளையைக் கூட்டி வரவில்லை, தானே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். "ஓட்டுங்க, பார்க்கிறேன்" என்றாள். பள்ளிவரை ஒரு நடை, திரும்ப ஒரு நடை. இறங்கும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்கு நிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது டிரைவர் சீட்டில் அவள். பக்கத்து சீட்டில் அவர். பிள்ளைகளை ஏற்றுவதும் இறக்குவதும் ஒப்படைப்பதும் அவர் வேலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு வந்து, உள்ளங்கையை வண்டி மேல் வைத்து, முன்னாலிருந்து பின்னால்வரை, பின்னாலிருந்து மறுபக்கம் முன்னால்வரை, தடவிக்கொண்டே ஒரு முழுச்சுற்றுச் சுற்றி வருவார். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கையால் துழாவுவார். அந்தக் கைக்குத் தட்டுப்படாமல் ஒரு பூனைக்குட்டிகூட அங்கே நிற்க முடியாது. சுற்றி முடித்து வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவளும் தன் பங்குக்குக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வாள். அவர் தட்டி முடித்து ஏறி உட்காராமல் அவள் சாவியைத் தொடுவதில்லை. பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் சரி, அடித்துக்கொள்ளட்டும்.

ஒரே குறை, பிள்ளைகளுக்குத்தான். வேன் அமைதியாகிவிட்டது. டிரைவர் மாமா விடுகதை போடுவார், அரைகுறையாகப் பாடுவார், பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஆனாலும் பழைய ரேடியோவுக்கு ஈடாகுமா? ஒரு நாள் அந்தப் பெரிய ரோட்டு முனையில் வண்டி நின்றபோது, இப்போது பல் விழுந்து பொக்கையாகிவிட்ட சிவப்பு ரிப்பன், முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டியது.

"அத்தை, நீங்க ஏன் இப்பல்லாம் பேசறதே இல்லை? ரேடியோ ரிப்பேரா?"

அவள் வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். மறுபடி வலப்பக்கம் பார்த்தாள். ஒரு மஞ்சள் பஸ் வந்தது, அது போகட்டும் என்று விட்டாள்.

"இல்லை கண்ணு" என்றாள். "நான் எப்பவுமே இப்படித்தான். உங்களுக்குத்தான் தெரியாது. எனக்கும் மறந்துபோச்சு."

பக்கத்து சீட்டில் அவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது: "வருதா?"

"வரலை" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைத் திருப்பினாள்.